ஈராசிரியர் பள்ளியில் பிள்ளைகளின் மனசைப் பார்த்துக்கொள்வது எப்படி: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். பள்ளிக்கு வந்ததும் மற்ற பிள்ளைகள் பையைச் சுவரோரம் போட்டுவிட்டு உட்காருவார்கள். இவன் கழற்றவே மாட்டான். எழுதும்போதும் முதுகில் பை, சத்துணவு வரிசையிலும் முதுகில் பை. முதல் வாரம் விட்டுவிட்டேன். இரண்டாவது வாரம், "கழட்டி வைடா, யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க" என்று அதட்டினேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் அவன் வரவில்லை.

காரணத்தை அவன் பாட்டிதான் சொன்னார். பொங்கல் முடிந்ததும் அவனுடைய அம்மாவும் அப்பாவும் செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்தார்கள். பிள்ளை அழுவான் என்று, அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டார்கள். அம்மா எந்த நேரத்திலும் வந்து கூப்பிடுவாள், அந்த நேரம் பையோடு தயாராக இல்லையென்றால் மறுபடியும் விட்டுவிட்டுப் போய்விடுவாள். இதுதான் அவன் மனசில் ஓடிய கணக்கு.

நான் 22 வருடமாக இடைநிலை ஆசிரியை. அதில் பெரும்பகுதி ஈராசிரியர் பள்ளியில். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு; ஐந்து வகுப்பையும் அந்த இரண்டு பேர்தான் பார்க்க வேண்டும். மனநல ஆலோசகர் என்று தனியாக ஒருவர் நமக்குக் கிடையாது. ஆனால் மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது, நம் கையில் இருக்கிற வயதிலேயே சில பிள்ளைகளுக்கு அது முளைவிடத் தொடங்கியிருக்கும். நாம் டாக்டர் ஆக வேண்டியதில்லை. ஒரு பிள்ளை நேற்று இருந்த மாதிரி இன்று இல்லை என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு தினமும் ஐந்தாறு மணி நேரம் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மைவிடத் தோதான ஆள் யாருமில்லை. கீழே உள்ளவற்றை நான் செய்து பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: முதலில் கம்பை வெளியே போடுங்கள்

அடிக்கிற வகுப்பில் மற்ற எதுவும் வேலை செய்யாது. பயந்த பிள்ளை நம்மிடம் எதையும் சொல்லாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனசை நோகடிப்பதையும் தடை செய்கிறது. மீறினால் துறை நடவடிக்கை உண்டு.

கம்பைப் போட்ட பிறகும் வகுப்பில் சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெயிலில் முட்டி போட வைப்பது ஒன்று. "மக்கு" என்பது, "உங்க அக்கா இந்த வயசுல எப்படிப் படிப்பா தெரியுமா" என்பது. வகுப்புத் தலைவனை விட்டு, பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுத வைப்பது. எட்டு வயதுப் பையன் கையில் இன்னொரு எட்டு வயதுப் பையனைக் காட்டிக்கொடுக்கும் வேலையைக் கொடுத்துவிடுகிறோம். அவன் யார் பெயரை எழுதுகிறான், யார் பெயரை மிட்டாய் வாங்கிக்கொண்டு அழிக்கிறான் என்று ஒரு வாரம் கவனித்தால் போதும், அந்தப் பழக்கத்தை நீங்களே நிறுத்திவிடுவீர்கள்.

பெற்றோரே வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த எடமெல்லாம் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்பார்கள். அவர்கள் நம்மீது வைத்த நம்பிக்கையை அப்படித்தான் சொல்லத் தெரியும். "அடிச்சா எனக்குப் பயப்படுவான்மா, படிப்புக்குப் பயப்பட மாட்டான்" என்பதுதான் என் பதில். ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, ஆனாலும் நான் கம்பை மறுபடி எடுத்ததில்லை.

படி 2: காலையில் முதல் பத்து நிமிடம்

வாசலில் நில்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே விடுங்கள். பெயரோடு ஒரு வார்த்தை சேர்த்தால் இன்னும் நல்லது: "ஆடு குட்டி போட்டுச்சாமே?", "காய்ச்சல் விட்டுச்சா?" முகம், நடை, தலை வாரியிருக்கிறதா, யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று எல்லாமே அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அடுத்து காலை உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை வயிற்றுக்கு மட்டுமானதாக நான் பார்ப்பதில்லை. பிள்ளைகளைக் கவனிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. வழக்கமாக இரண்டு முறை பொங்கல் வாங்கும் பிள்ளை இன்று தட்டைக் கிளறிக்கொண்டே இருக்கிறதா? யார் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை? சமைக்கும் மகளிர் குழு அக்காக்களிடம் பேச்சுக் கொடுங்கள். ராத்திரி எந்த வீட்டில் சண்டை, யார் வீட்டில் சாவு என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஊர்வம்பாக எடுத்துக்கொள்ளாமல், அன்றைக்கு எந்தப் பிள்ளையிடம் மெதுவாகப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

படி 3: ஒரு நோட்டு போடுங்கள்

பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, பார்த்தது, அவ்வளவுதான். நம் கருத்து அதில் வரக்கூடாது. "அடங்காப்பிடாரி" என்று எழுதினால் அடுத்த மாதம் படிக்கும்போது எதுவும் விளங்காது. "திங்கள், செவ்வாய், புதன்: மதியத்துக்குப் பிறகு பேசவில்லை. பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளினான். வீட்டுக்குப் போகும் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை" என்று எழுதினால் அதில் ஒரு கதை இருக்கிறது. வீட்டுக்குப் போகப் பிடிக்காத பிள்ளை அது.

சின்னப் பிள்ளைகளுக்கு மனசு சரியில்லை என்று சொல்லத் தெரியாது. அவர்கள் வயிறு வலிக்கிறது என்பார்கள். அது நடிப்பு இல்லை, நிஜமாகவே வலிக்கும். காய்ச்சல் இல்லாமல் அடிக்கடி வரும் வயிற்றுவலி, தலைவலி, நின்றுபோயிருந்த பழக்கம் திரும்பி, உடையிலேயே சிறுநீர் போவது, கலகலப்பான பிள்ளை வாயடைத்துப் போவது, சாதுவான பிள்ளை அடிக்க ஆரம்பிப்பது, வகுப்பில் தூங்குவது, நகத்தைச் சதை தெரியக் கடிப்பது, ஒரே கிழமையில் திரும்பத் திரும்ப லீவு. இதில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவிடுவேன்.

மனசுக்குப் போகும் முன் உடம்பைப் பார்த்துவிடுங்கள். கண், காது, இரத்தசோகை, பூச்சித் தொந்தரவு. என்னிடம் ஒரு பெண் குழந்தை கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் அழும். பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். பள்ளிச் சுகாதாரக் குழு வண்டி வந்தபோது கண் பரிசோதித்தார்கள். கண்ணாடி வந்தது, அழுகை நின்றது. ஒரு வருடம் முழுக்க அந்தக் குழந்தையை நான் தவறாக எடைபோட்டிருக்கிறேன்.

நோட்டு பீரோவில் பூட்டி இருக்கட்டும். பிள்ளைகள் கையில் கொடுத்து மேஜைக்கு அனுப்பாதீர்கள். ஆசிரியர் கூட்டத்தில் சத்தமாகப் படிக்காதீர்கள்.

படி 4: கேட்கிற விதம்

"ஏன் இப்படிப் பண்ற?" என்ற கேள்விக்கு ஏழு வயதுப் பிள்ளையிடம் பதில் கிடையாது. பெரியவர்களிடமே பல நேரம் கிடையாது. அந்தக் கேள்வி விசாரணை போலத்தான் காதில் விழும்.

எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். இருவர் கைக்கும் ஒரு வேலை இருக்கட்டும். நான் புளியங்கொட்டை டப்பா வைத்திருக்கிறேன், கணக்குப் பாடத்துக்கானது. "வாடி, இதைப் பத்துப் பத்தா பிரிச்சுக் குடு" என்று கூப்பிடுவேன். முதல் ஐந்து நிமிடம் கொட்டை மட்டும்தான். பிறகு, பார்த்ததை அப்படியே சொல்வேன்: "ரெண்டு நாளா நீ விளையாடவே போகல, பார்த்தேன்." அதற்கு மேல் பேச மாட்டேன். காத்திருப்பேன். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் நமக்கு ஆகக் கடினம், ஏனென்றால் நாளெல்லாம் பேசுவதே நம் தொழில்.

பிள்ளை பேசத் தொடங்கினால் குறுக்கே விழுந்து ஆறுதல் சொல்லாதீர்கள். "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று சொல்லவே கூடாது. "நீ சொன்னது நல்லதாச்சு" என்றால் போதும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். சொல்லியே ஆக வேண்டிய விஷயங்கள் சில உண்டு. "உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்வேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பது நாம் காப்பாற்றக்கூடிய வாக்கு.

பை கழற்றாத பையனிடம் இப்படித்தான் போனேன். வகுப்பில் சிரிக்க வைத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மூன்று ஏற்பாடு. புதன்கிழமை மதியம் என் போனிலிருந்து அம்மாவிடம் பேசுவது. சூளை வேலை முடியும் மாதம் வரை காலண்டரில் தினமும் ஒரு நாளை அவனே அடித்துக்கொண்டே வருவது. பள்ளி மணி அடிக்கும் பொறுப்பு. அம்மாவிடம், "இனிமே போறதா இருந்தா சொல்லிட்டுப் போங்கம்மா. அழுதா அழட்டும்" என்றேன். ஐந்தாவது வாரம் ஒரு நாள் மணி அடிக்க ஓடும்போது பை இடைஞ்சலாக இருந்தது போல, என் நாற்காலியில் மாட்டிவிட்டு ஓடினான்.

படி 5: மனசுக்குச் சொல் கொடுப்பது

பிள்ளைகளிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் இரண்டு பதில்தான் வரும்: நல்லா இருக்கு, ஒரு மாதிரியா இருக்கு. அந்த "ஒரு மாதிரி"க்குள் என்னென்னவோ அடைந்து கிடக்கும். அதைப் பிரிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பயம், கூச்சம், ஆத்திரம், பொறாமை, சலிப்பு, தவிப்பு, அவமானம். வாரத்துக்கு ஒரு சொல் எடுங்கள். கரும்பலகையில் எழுதி, அது உடம்பில் எங்கே தெரியும் என்று கேளுங்கள். "கோபம் வந்தா காது சுடும் மிஸ்." "பயந்தா வயிறு கலங்கும்." இதைச் சொல்லப் பழகிய பிள்ளை, கை ஓங்கும் முன் "எனக்குக் காது சுடுது" என்று சொல்ல ஒரு வாய்ப்பு உண்டு.

ஏக்கம் என்ற சொல்லுக்கு மட்டும் நான் இரண்டு வாரம் எடுத்துக்கொள்வேன். தம்பியோ தங்கையோ பிறந்து, தாய் மடி பறிபோன பிள்ளை சோறு இறங்காமல் மெலிந்தால் நம் பாட்டிமார்கள் "பிள்ளை ஏங்கிப் போச்சு" என்றார்கள். மருந்து கொடுக்கவில்லை, தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மனசு உடம்பில் இறங்குவதை அவர்கள் அந்த ஒரு சொல்லில் பிடித்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு சூளைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பெற்றோரை அனுப்பிவிட்டு, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். "எனக்கு ஏக்கமா இருக்கு" என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னபோது இன்னும் நான்கு பேர் கை தூக்கினார்கள். தனக்கு மட்டும் இல்லை என்று அந்த நான்கு பேருக்கும் அன்றுதான் தெரிந்தது.

மூச்சுப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். "ரசத்தை மோந்து பாரு, சுடுசோத்தை ஊது." மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். ஐந்து முறை. மூச்சை நீட்டி விடும்போது நெஞ்சுப் படபடப்பு அடங்கும். சண்டை நடக்கும்போது முதல்முறையாகச் சொல்லிக் கொடுத்தால் எடுபடாது. அமைதியான நேரத்தில் பழக்கி வையுங்கள்.

விளையாட்டுப் பாடவேளையைத் தண்டனையாகப் பிடுங்காதீர்கள். அதிகம் ஓட வேண்டிய பிள்ளைதான் அதிகம் குறும்பு செய்கிறது.

படி 6: சாதியைப் பார்க்காதது போல இருக்காதீர்கள்

நம் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளின் மனசைப் பற்றிப் பேசிவிட்டு இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. யார் யாரோடு உட்காருகிறார்கள், யார் கையால் தண்ணீர் வாங்குவதில்லை, கழிப்பறை கழுவ எந்தத் தெருப் பிள்ளையைக் கூப்பிடுகிறோம், கையில் என்ன நிறக் கயிறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவரையும் தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. அந்த வெறுப்பு பிளஸ் டூவில் திடீரென்று வந்திருக்க முடியாது. நம் வகுப்பறையைக் கடந்துதான் போயிருக்கிறது.

செய்யக்கூடியது எளிது. இடம் மாறி உட்காருவதை வாரா வாரம் சீட்டுக் குலுக்கி நடத்துங்கள். தண்ணீர், கோலம், மணி, வகுப்பைக் கூட்டுவது எல்லாம் எல்லோருக்கும் சுற்றி வரட்டும். பிள்ளைகள் கழிப்பறை கழுவுவது அறவே கூடாது. பட்டப்பெயரில் சாதி ஒளிந்திருந்தால், விளையாட்டுதானே என்று விடாமல், அன்றே நிறுத்துங்கள்.

படி 7: வீட்டுக்குப் போவது

பெற்றோரைப் பள்ளிக்கு வரச் சொன்னால் குற்றம் சாட்டக் கூப்பிடுகிறார்கள் என்றே வருவார்கள். முடிந்தால் நீங்கள் போங்கள், சாயங்காலம், வேலை விட்டு வந்த பிறகு. முதல் வார்த்தை பிள்ளையைப் பற்றிய நல்லதாக இருக்கட்டும், அதுவும் நிஜமானதாக. "மனநலம்" என்ற சொல்லை எடுத்ததுமே "என் புள்ளைக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா" என்பார்கள். "பிள்ளை எதையோ நெனச்சு ஏங்குறான்" என்றால் புரிந்துகொள்வார்கள்.

மந்திரிக்கப் போகிறோம் என்றால் ஏளனம் செய்யாதீர்கள், தடுக்கவும் வேண்டாம். "மந்திரிச்சுக்கோங்கக்கா, அப்படியே ஆஸ்பத்திரியிலயும் ஒருதரம் காட்டிடலாம், நான் கூட வரேன்" என்று சொன்னபோது யாரும் மறுத்ததில்லை. ஆனால் சூடு வைப்பது, அடித்து ஓட்டுவது என்று போனால் அது துன்புறுத்தல்; அங்கே சும்மா இருக்கக் கூடாது.

அப்பா குடிக்கிற வீட்டில் அறிவுரை சொல்லிப் பயனில்லை. ராத்திரி சண்டை வந்தால் பிள்ளை போய்ப் படுக்க ஒரு வீடு, ஒரு ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். அத்தை, பக்கத்து வீட்டு ஆயா, யாராவது. அந்த ஒருவரிடம் பேசி வையுங்கள்.

சாவு விழுந்த வீட்டுப் பிள்ளையிடம் "தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்ல வேண்டாம் என்று வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூங்கப் போகவே பயப்படும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். செத்துப்போயிட்டாங்க, இனி வர மாட்டாங்க, உன்னைப் பார்த்துக்க இன்னார் இருக்காங்க என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். பள்ளிக்குத் திரும்பும் நாளில் மற்ற பிள்ளைகளிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

படி 8: நம் கையை மீறும்போது

மடித்த மூலை மூன்று மாதமாக மடித்தபடியே இருந்தால் வெளி உதவி தேவை. படிப்பில் மட்டும் சிக்கல், எழுத்துகள் புரளுகின்றன என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களிடம் சொல்லுங்கள். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று, சோம்பேறித்தனம் இல்லை. பேச்சு, வளர்ச்சி, நடத்தை பற்றிய சந்தேகத்துக்கு அரசு மருத்துவமனையோடு இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களையும் அரசு மருத்துவமனையில் பார்க்கலாம். எங்கே போவது என்றே தெரியவில்லையென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல ஆலோசனை எண்: 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணமின்றி. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098, குழந்தைகள் உதவி எண்.

"செத்துப் போறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் சின்னப் பிள்ளை என்று தள்ளாதீர்கள். அன்றே, அதே மணியில் பெற்றோரிடம் சொல்லுங்கள், தனியாக விடாதீர்கள், டாக்டரிடம் காட்டும் வரை விடாதீர்கள்.

பாலியல் சீண்டல் பற்றிப் பிள்ளை சொன்னால் உங்கள் வேலை மிகவும் குறுகியது. நம்புங்கள். "இது உன் தப்பில்ல" என்று சொல்லுங்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வையுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், சம்பந்தப்பட்டவரை எதிரில் நிறுத்தாதீர்கள், ஊர்ப் பஞ்சாயத்துக்கு விடவே விடாதீர்கள். போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் நமக்கே தண்டனை உண்டு. பிள்ளையின் பெயர் வெளியே போகக்கூடாது என்பதும் சட்டம். பள்ளியின் பெயர் கெடும் என்று யாராவது சொல்வார்கள். அப்போது அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டு போனை எடுங்கள்.

படி 9: நீங்களும் உங்கள் பக்கத்து ஆசிரியரும்

எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகளின் விவரப் பதிவு, பயிற்சி, ஐந்து வகுப்பு, இதற்கு நடுவில் இத்தனை வீட்டுத் துக்கமும் நம் மனசில் ஏறும். வீட்டுக்குப் போயும் ஒரு பிள்ளையின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லையென்றால் அதை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு வரும் நம்பகமான ஒருவரிடம், பிள்ளையின் பெயர் சொல்லாமல், பேசிவிடுங்கள். 14416 நமக்கும்தான்.

படி 10: ஆறாம் வகுப்புக்கு அனுப்புவது

ஐந்தாம் வகுப்பு முடிவதை நாம் மாற்றுச் சான்றிதழோடு முடித்துவிடுகிறோம். 40 பேர் இருந்த பள்ளியிலிருந்து 400 பேர் இருக்கும் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அது பெரிய ஆறு. ஏப்ரலில் ஒரு நாள் ஐந்தாம் வகுப்பை அழைத்துக்கொண்டு புதுப் பள்ளிக்குப் போய் வாருங்கள். மூலை மடித்த பக்கங்களில் பிள்ளைக்கு உதவும் விஷயத்தை மட்டும், வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, புது வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள்: "இவனை வகுப்புல அதட்டாதீங்க சார், தனியா கூப்பிட்டுச் சொன்னா கேப்பான்." பிள்ளைகளுக்கு அங்கே முதலில் காட்ட வேண்டியது கழிப்பறை எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, அழுகை வந்தால் யாரிடம் போகலாம் என்ற மூன்றையும்தான். நூலகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.